வாரம் ஒருநாள் பி.எட்.

அன்புள்ள சார்,
பி.எஸ்ஸி. கணிதம் கடைசி ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் அடுத்து பி.எட். என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அரசு வேலை, வீட்டில் சொன்னார்கள், கல்யாணத்துக்கு நல்லது என்கிறார்கள். நானும் சம்பளத்தை நினைத்துத்தான் போகிறேன். தப்பா? வாரம் ஒருநாள் வந்தால் போதும் என்கிறது ஒரு கல்லூரி. அங்கே சேர்ந்துகொண்டு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கலாமா?
ரா.

அன்புள்ள ரா.,

சம்பளத்துக்காகப் போவதில் ஒரு தப்பும் இல்லை. அறப்பணி என்று மேடையில் உருகுகிறவர்கள்தான், ஆசிரியர் சம்பளம் கேட்டால் முதலில் ஏசுகிறவர்கள். கல்யாணப் பேச்சை விடுங்கள்.

ஆனால் வாரம் ஒருநாளா? படித்ததும் கோபம்தான் வந்தது அம்மா. 2015இல் பி.எட். இரண்டு ஆண்டு ஆனது. அதில் இருபது வாரம் பள்ளிக்கூடத்துக்கு. அதைத்தான் அவர்கள் உங்களிடமிருந்து பிடுங்குகிறார்கள், காசும் வாங்கிக்கொண்டு.

நான் வங்கித் தேர்வில் இரண்டு தடவை தோற்று, வேறு வழியில்லாமல் பி.எட். சேர்ந்தவன். டீச்சிங் பிராக்டிஸில் ஏழாம் வகுப்பு, பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. "தப்பு, உட்கார்" என்றேன். பயந்து சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

கடைசி பெஞ்சில் என்னைக் கவனித்துக்கொண்டிருந்த வாத்தியார் எழுந்து வந்தார். "தம்பி, உங்கிட்ட அரை வாழைப்பழம் இருக்கு. நான் இன்னும் கொஞ்சம் தர்றேன். அரையைவிடக் குறையுமா?" "குறையாது சார்." "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிசா, சின்னதா?" பையன் மோட்டுவளையைப் பார்த்தான். உதடு அசைந்தது. யாரும் சொல்லாமலே எச்சில் தொட்டு சிலேட்டை அழித்தான்.

அந்த வாத்தியாரைப்போல ஒரே ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. வங்கி விண்ணப்பம் அதற்குப்பிறகு நான் வாங்கவில்லை. எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும் சரி, இருந்துவிடுவதற்கான காரணம் வகுப்பறையில்தான் கிடைக்கும். அங்கே போகவே போகாமல் பட்டம் வாங்கினால்?

டெட்டில் 150க்கு 90 எடுத்துவிடுவீர்கள். அங்கே நாலு விடையில் சரியானது ஒன்று அச்சிட்டே இருக்கும். பையன் எழுதிக்கொண்டு வருவது அந்த நாலிலும் இருக்காது.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரியில் கேளுங்கள்: எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள், கடைசி பெஞ்சில் யார் உட்காருவார்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.