ஒரு வீடு, ஐந்து தோல்: சமையலறை எண்ணெயை யாருக்குத் தடவலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எப்போதும் இருக்கும். ஐந்து மாதக் கைக்குழந்தை, கன்னத்தில் வெளிறிய திட்டுகள் உள்ள ஏழு வயது மகன், முகப்பருவோடு அல்லாடும் 19 வயதுக் கொழுந்தனார், சர்க்கரை நோயும் பித்தவெடிப்பும் உள்ள மாமியார் என எல்லோருக்கும் இவற்றைத்தான் தடவுகிறோம். மார்கழி வந்தால் என் கால்களும் மீன் செதில் போல வறண்டுவிடுகின்றன. எண்ணெய் தடவியும் சரியாகவில்லை. ஆலிவ் எண்ணெய்தான் நல்லது என்று தங்கை சொல்கிறாள். யாருக்கு எதைத் தடவுவது, எப்படித் தடவுவது?
— ஒரு வாசகி, நாமக்கல்

தோல் மருத்துவரின் பதில்:

உங்கள் கால்களில் இருந்தே தொடங்குகிறேன் அம்மா. அது விளங்கிவிட்டால் மற்ற நால்வருக்கும் பதில் சொல்வது எளிது.

எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. தோல் வறண்டுபோனது என்றால் அதன் மேலடுக்கில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். காய்ந்த தோலின் மேல் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும். இழந்த நீர் திரும்ப வராது. எண்ணெய் செய்வது மூடியின் வேலை. பானையில் தண்ணீர் இருந்தால்தானே மூடிக்குப் பயன்? அதனால் குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்காதீர்கள். ஈரம் முழுவதும் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிடங்களுக்குள், தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே தினமும் சோப்பு போடுவதையும் நிறுத்துங்கள். இவ்வளவு செய்தாலே பலருக்கு இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். சின்ன வயதிலிருந்தே உங்களுக்குச் செதில் இருந்து, பெற்றோரில் ஒருவருக்கும் அப்படி இருந்தால் மட்டும் அது வெறும் வறட்சியாக இருக்காது. பரம்பரையாக வரும் செதில் தோல் அது. அதற்கு, தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் யூரியா கலந்த களிம்பு தேவைப்படும்.

தேங்காய் எண்ணெய்க்கு நம் வீடுகளில் இருக்கும் நற்பெயருக்குக் காரணம் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். தோலில் புண்ணாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு ஓரளவு இருக்கிறது. பிலிப்பைன்ஸில் தோல் வறண்டவர்களுக்குத் தேங்காய் எண்ணெயையும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெயையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. இதைப் படித்துவிட்டுத் தேங்காய் எண்ணெயின் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவான பெட்ரோலியம் ஜெல்லியும் இதே வேலையைச் செய்யும், தோல் வெடித்திருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகவே செய்யும் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஆலிவ் விஷயத்தில் உங்கள் தங்கையோடு நான் உடன்படவில்லை. ஒவ்வொரு எண்ணெயும் தோலில் நடந்துகொள்ளும் விதம் அதில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தது. ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம். தோல் செல்களுக்கு இடையே சுவர்ப்பூச்சு போல இருக்கும் கொழுப்பை அது குலைத்துவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் அதிகம் இருப்பது லினோலியிக் அமிலம். தோல் தன் பூச்சைக் கட்டுவதற்குத் தேவைப்படும் பொருள் அது. இங்கிலாந்தில் பெரியவர்களுடைய முன்கைகளில் இந்த இரண்டையும் சில வாரம் தடவிப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆலிவ் தடவிய தோலின் காப்பு பலவீனமாகி லேசாகச் சிவந்தும் போனது. சூரியகாந்தி தடவிய தோல் கெடவில்லை. விலை அதிகம் என்பதாலேயே ஒரு எண்ணெய் தோலுக்கு உயர்ந்ததாகிவிடாது. வீட்டில் ஆலிவ் இருந்தால் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள். நல்லெண்ணெயில் இந்த இரண்டு அமிலங்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. பெரியவர்களின் எண்ணெய்க் குளியலுக்கு அது போதுமானது.

குழந்தை

ஐந்து மாதக் குழந்தையின் தோல் நன்றாக இருந்தால் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தடவலாம். வங்காளதேசத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் மருத்துவமனைத் தொற்றுகள் குறைந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. தோலின் காப்பு பலமானால் கிருமி உள்ளே நுழைவது குறைகிறது. வட இந்தியாவிலும் நேபாளத்திலும் பச்சிளம் குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது வழக்கம். அதன் காரம் தோலை உறுத்தும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கன்னத்திலும் முழங்கை, முழங்கால் மடிப்பிலும் சிவந்து, அரிப்பெடுத்து, சொரசொரப்பாக இருந்தால் அதைக் கரப்பான் என்போம். அப்படி இருக்கும் குழந்தைக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். வேர்க்கடலைக்கும் எள்ளுக்கும் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. புண்பட்ட தோல் வழியாக உடலுக்குள் போகும் கடலைப் புரதம், பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமைக்கு வழிவகுக்கலாம் என்று 2003-லிருந்தே ஆய்வுகள் சுட்டிக்காட்டி வருகின்றன. செக்கு எண்ணெய் சுத்திகரிக்கப்படாதது, ஆகவே அதில் புரதம் தங்கியிருக்க வாய்ப்பு கூடுதல். சமையலில் நாம் போற்றும் அதே குணம் கரப்பான் வந்த தோலில் பாதகமாகிவிடுகிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் வீடுகளில் இது இன்னும் நடக்கிறது. எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டையில் விட்டுச் சளி எடுப்பது. இவற்றை ஒருபோதும் செய்யவிடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து அதை வெளியேற்றுவது உடலுக்குப் பெரும்பாடு. அதனால் வரும் நிமோனியா சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது, மாதக்கணக்கில் நீடிக்கும். குளிப்பாட்டிவிடும் பாட்டிகள் அன்போடுதான் செய்கிறார்கள். அவர்களிடம் சண்டை வேண்டாம். "மூக்கு, காது, வாய் மூன்றும் வேண்டாம் பாட்டி, உடம்புக்கு மட்டும் தேய்த்துவிடுங்கள்" என்று குளிப்பாட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மகனின் வெள்ளைத் திட்டு

"வயிற்றில் பூச்சி", "கால்சியம் போதவில்லை" என்றெல்லாம் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக, ஓரம் தெளிவில்லாமல், மேலே மாவு தூவியது போல வரும் திட்டு பெரும்பாலும் லேசான கரப்பான் வகை. வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுப்பதால் திட்டு எடுப்பாகத் தெரிகிறது. பூச்சி மருந்து கொடுத்தால் அது போகாது. முகம் கழுவியதும் ஈரத்தோடு தேங்காய் எண்ணெயை நாளுக்கு இருமுறை தடவுங்கள். சொரசொரப்பு சில வாரங்களில் போய்விடும், நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். பொறுமையாக இருங்கள்.

ஆனால் எண்ணெய் தடவத் தொடங்கும் முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். பையன் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பஞ்சைத் திரியாக உருட்டித் திட்டின் மேல் தொடுங்கள், அவன் தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். முகத்தில் இந்தச் சோதனை எப்போதும் துல்லியமாக அமையாது என்பதால் கை, கால், முதுகில் வேறு திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த திட்டு தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். அது முழுமையாகக் குணமாகக்கூடியது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். பயப்படத் தேவையில்லை, தள்ளிப்போடவும் கூடாது. திட்டு பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம், அப்போதும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொழுந்தனார்

அவருடைய முகத்தில் எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம். அந்த வயதில் தோல் தானாகவே எண்ணெயைச் சுரந்து தள்ளுகிறது, மயிர்க்கால்கள் அடைபட்டுப் பருவாகின்றன. அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் அடைப்பு கூடும். முகத்தில் தடவாவிட்டாலும் தலைக்கு வைப்பது நெற்றியில் வழியும், தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கும் வரும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தலைக்கு வைத்து, அலசிவிடச் சொல்லுங்கள்.

பொடுகு, நெஞ்சிலும் முதுகிலும் வரும் தேமல், நெற்றியில் அரிப்போடு ஒரே அளவில் வரும் பொடிப்பொடிக் கொப்புளம், இந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. எல்லோர் தோலிலும் வாழும் அது கொழுப்பைத் தின்றே வளர்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுவதுண்டு. பொடுகு உதிர்வதைப் பார்த்துத் "தலை வறண்டுவிட்டது" என்று எண்ணெயைக் கூட்டுவது அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு போடுவதாகிவிடும். பொடுகுக்குப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூ, பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல். இரவில் மெல்லியதாகத் தடவித் தொடங்கலாம், ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். அது தலையணை உறையை வெளுக்கச் செய்யும், எனவே பழைய வெள்ளை உறை போடட்டும். முகம் வெளுக்கும் என்று சொல்லி விற்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் அவர் தொடவே கூடாது.

எண்ணெயோடு எலுமிச்சைச் சாறு கலந்து முகத்தில் பூசும் வழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்துங்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து, கறுத்த தழும்பாக நின்றுவிடலாம். சூடு பட்ட புண்ணில் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை அதன் மேல் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். எண்ணெய் பூசி வரும் தீக்காயத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சூடு உள்ளேயே தங்கிவிட்டிருக்கும், புண்ணைச் சுத்தம் செய்வதும் காயம்பட்டவருக்கு இன்னொரு வேதனை.

தோலுக்கு வைத்திருக்கும் எண்ணெயைத் தனியாகச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, அடுப்பிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பொரித்து மிஞ்சியதும் காறல் வாடை அடிப்பதும் உடம்புக்கு ஆகாது. புதிதாக எந்த எண்ணெயைத் தொடங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

மாமியாரின் கால்

இதைக் கடைசியில் வைத்தேன், ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சர்க்கரை நோய் நாளடைவில் காலின் உணர்ச்சியைக் குறைத்துவிடும், வியர்வையையும் குறைத்துவிடும். வியர்க்காத பாதம் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு வழியாகக் கிருமி போனால் வலியே தெரியாமல் புண் ஆழமாகிவிடும்.

வெந்நீரில் கால் ஊறவைப்பது வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோகக்கூடும். பிளேடால் சீவுவதும் வேண்டாம். இரவில் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை முழுவதும் உலர்த்தி, குதிகாலில் மட்டும் பத்து சதவீத யூரியா களிம்பு தடவுங்கள். அது கிடைக்கும்வரை விளக்கெண்ணெய் தடவலாம். கெட்டியாக இருப்பதால் மற்ற எண்ணெய்களைவிட நேரம் நிற்கும். விரல் இடுக்கில் எந்த எண்ணெயும் படக்கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். தடவியதும் பருத்திக் காலுறை போட்டுவிட்டுப் படுக்கட்டும். எண்ணெய்க் காலோடு நள்ளிரவில் குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிடும். அதனால் பிடிமானமுள்ள செருப்பு கட்டிலோரம் இருக்க வேண்டும்.

இன்று இரவே அவருடைய இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெடிப்பின் உள்ளே சிவப்போ, சீழோ, நாற்றமோ, கறுப்போ இருந்தால், அல்லது ஒரு கால் மற்றதைவிட வீங்கிச் சூடாக இருந்தால், எந்த எண்ணெயும் தடவாமல் சுத்தமான துணியால் மூடி, நாளைக் காலையே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காய்ச்சலும் இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.