மின்சாரம் வந்த பிறகு

அன்புள்ள ஐயா,

நான் வேளச்சேரியில் வசிக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார்கள். வீட்டில் நானும் அப்பாவைப் பெற்ற பாட்டியும் மட்டும். கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மாடியில் நான்கு நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். முதல் நாளே கைபேசி அணைந்துவிட்டது.

அதுவரை பாட்டியும் நானும் “சாப்பிட்டாயா”, “சாப்பிட்டேன்” என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அந்த நான்கு நாட்களில் வேட்டியை நான்கு முனையிலும் கட்டி, நடுவில் கல் வைத்து, மழைநீரைக் குடத்தில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்சுலின் குப்பியை ஈரமான மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார். மூன்றாம் நாள் இரவு, பிறந்து பதினோரு மாதத்தில் இறந்துபோன தன் முதல் குழந்தையைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு குழந்தை இருந்தது அப்பாவுக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தது. நான் கைபேசியை எடுத்தேன். அவர் கீழே தன் அறைக்குப் போனார். மறுபடியும் “சாப்பிட்டாயா”தான்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. மழைக்காலம் முடியும்வரை பாட்டியைக் கோவையில் அத்தை வீட்டில் விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. பாட்டி அசைய மறுக்கிறார். நான் யார் பக்கம் நிற்பது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு வெள்ளம் வந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் உங்கள் தெருவில் மாடியில்லாத வீட்டுக்காரர் யாரிடமும் அதைச் சொல்லிவிடாதீர்கள். வெள்ளம் மனிதர்களை ஒன்றுசேர்த்தது என்று 2015-க்குப் பிறகு நிறைய எழுதினோம். நானும் எழுதினேன். அந்தக் கட்டுரையை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த நான்கு நாட்களும் உங்கள் வீட்டுக்குப் பாட்டிதான் தலைமை. உங்களுக்குத் தெரிந்தது எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை, அவருக்குத் தெரிந்தது எல்லாம் செல்லுபடியானது. மின்சாரம் வந்ததும் ஆட்சி மாறிவிட்டது. பதவி போனவர் தன் அறைக்குத் திரும்பினார். பேச்சு நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் தாத்தா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஏரியில் வேலை. மதகைத் திறந்து மூடுவது, கரையில் நண்டு வளையும் எலி வளையும் தேடி அடைப்பது, தினமும் காலையில் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவது. ஏரி நிரம்பி வழிந்தால் “கோடி போகிறது” என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது முகத்தில் கல்யாணக்களை வரும். ஓய்வுபெற்ற பிறகு ஜாபர்கான்பேட்டை வீட்டுக்கு வந்தார். அங்கே அவருக்கு அளக்க எதுவும் இல்லை. நாங்களும் எதையும் கேட்கவில்லை.

2015 டிசம்பர் 1 அன்று மாலை எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். வீட்டை விட்டுக் கிளம்பலாமா என்று அம்மா கேட்டார். தாத்தா வாசலில் நின்று தண்ணீரை வெகுநேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்தபோதே முதல் படியோடு நின்ற தண்ணீர், இப்போது மட்டும் உள்ளே வந்துவிடுமா? நீரை அறிந்தவர் சொன்னால் வேறென்ன வேண்டும்? நிம்மதியாகப் படுத்தோம்.

நள்ளிரவில் கட்டில் நனைந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டிருந்தார்கள். போதாததற்குத் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. வழியில் நிரம்பியிருந்த சிற்றேரிகளின் உபரியும் ஜாபர்கான்பேட்டையை ஒட்டி ஓடும் அதே அடையாற்றுக்குத்தான் வந்தது. தாத்தாவை நாற்காலியோடு தூக்கிப் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை.

தண்ணீர் வடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, வாசல் படிகளை எண்ணச் சொன்னார். இரண்டு. வீடு கட்டும்போது ஐந்து படிகள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டதில் மூன்று படிகள் மண்ணுக்குள் போயிருந்தன. முப்பது வருடம் அடுத்தவர் ஏரியை அளந்தவர், தன் வாசலை அளக்க மறந்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த வாரத்தில் நான் அவரோடு இருந்த மிகச் சிறந்த நிமிடம் அதுதான். அவருக்குத் தெரிந்திருந்ததால் வந்த நெருக்கம் அல்ல அது, இருவரும் குந்தி உட்கார்ந்து படி எண்ணியதால் வந்தது.

இதை எழுதக் காரணம், உங்கள் பாட்டி சொல்வதில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று பிரித்துக்கொள்வதற்காக. தண்ணீர் எங்கிருந்து வரும், எந்தப் பக்கம் போகும் என்பதைப் பழைய மனிதர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் அதைக் கழிவெளி என்பார்கள். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். அந்தப் பாதை அப்படியேதான் இருக்கிறது, அதன் அகலம்தான் இல்லை. ஆகவே “எவ்வளவு உயரம் வரும்” என்ற கேள்விக்கு மட்டும் பாட்டியின் பதிலை நம்ப வேண்டாம். அவர் மனத்தில் இருக்கும் தெரு வேறு.

இனி, அப்பா பக்கமா பாட்டி பக்கமா. நான் பாட்டி பக்கம், ஒரு நிபந்தனையோடு. மழை வருவதற்கு முன்பே, வெயிலடிக்கும் ஒரு நாளில், மூவரும் வாசலில் நின்று ஒரு படியில் பெயின்டால் கோடு போடுங்கள். தண்ணீர் அதைத் தொட்டால் பாட்டி கிளம்ப வேண்டும், அப்போது விவாதமே கிடையாது. உயரம் எவ்வளவு என்பதை 2023-ல் சுவரில் படிந்த கறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் மழை நாளில் கோட்டைப் பார்த்துச் சொல்லும் வேலை பாட்டியுடையது. தான் சொல்லிக் கிளம்புவதும் தன்னைக் கிளப்புவதும் ஒன்றல்ல.

ஒரு விஷயம் யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். வெள்ளத்தில் கீழ்த்தளக் கழிவறைகள் எதிர்த்துக் கக்கும். அதற்குப் பயந்து வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். மாடியில் அவருக்கென்று ஒரு ஏற்பாடு இப்போதே செய்யுங்கள், ஒரு வாளியும் மறைப்புத் துணியும் போதும். கீழே கழிவறைப் பீங்கானை மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையால் அடைத்துவிடலாம். சம்ப்பில், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில், வெள்ளநீர் இறங்கிவிட்டால் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீர் வாயில் படக்கூடாது. இன்சுலின் விஷயத்தில் பாட்டி செய்தது சரி. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதுங்கள்.

“கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை” என்று உங்கள் பாட்டியும் சொல்லக்கூடும். இந்த இரண்டு டிசம்பர்களும் கார்த்திகைக்குள்தான் வந்தன, பழமொழியைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று அதில் இல்லை. பெயரும் இல்லை. கேட்டீர்களா?