ஆபரேஷன் யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எனக்கு 35 வயது, மனைவிக்கு 28. இரண்டாவது குழந்தை வயிற்றில், இது ஏழாம் மாதம். இத்தோடு போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். முதல் குழந்தை சிசேரியன். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துச் செய்துவிடலாமா?" என்று கேட்டார். நான் வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், செய்துகொள்ளத் தயார். மனைவிதான் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். "உங்கள் உடம்பு தளர்ந்துவிடும், எப்படியும் என் வயிற்றைத் திறக்கத்தானே போகிறார்கள்" என்கிறாள். ஒருநாள் நான் விடாப்பிடியாகக் கேட்டபோது, "நீங்கள் செய்துகொண்ட பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனால் என்னைத்தானே சந்தேகப்படுவார்கள்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் செய்துகொண்டதாக முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் யோசனை என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உடம்பு தளரும் என்பதை அவர் மேலுக்குச் சொல்கிறார், உள்ளே இருக்கும் பயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

வாசெக்டமி செய்த அன்றே பலன் கிடைத்துவிடாது. விந்துக்குழாயை வெட்டி அடைத்துவிட்டாலும், அந்த இடத்தைத் தாண்டி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும் உயிரணுக்கள் அங்கேயே தங்கியிருக்கும். அவை முழுவதும் வெளியேற இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். அதுவரை ஆணுறையோ வேறு கருத்தடையோ கட்டாயம் வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் ஆபரேஷன் முழுமையானதாகக் கணக்கு.

எனக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம், அவ்வளவுதான், போகலாம் என்றார்கள். நானும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து வாரம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காகப் பார்க்கப் போன ஒரு டாக்டர்தான் பேச்சுவாக்கில், "டெஸ்ட் பார்த்தாச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஐந்து வாரமும் நாங்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் இருந்தோம். அந்த மாதம் என் மனைவிக்கு நான்கு நாள் தள்ளிப்போனது. நான்காம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, "நீங்க என்னை நம்புவீங்கதானே?" என்று கேட்டாள். மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அப்படி ஒரு கேள்வியை அவள் கேட்கும்படி விட்டுவிட்டேனே என்ற வருத்தம் இன்றுவரை போகவில்லை.

அதனால் நீங்கள் செய்துகொள்வதாக இருந்தால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். முதல் ரிப்போர்ட்டில் உயிரணு தெரிந்தால் சில வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகும், ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு, வெட்டிய குழாய் தானாக இணைந்து வழி திறந்துகொள்ளலாம். வருடங்கள் கழித்துக்கூட இது நடக்கலாம். இதை உங்கள் மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கூடவே, "உனக்கு எப்போதாவது நாள் தள்ளிப்போனால் முதலில் போய் டெஸ்ட் கொடுக்கப்போவது நான்தான்" என்றும் சொல்லுங்கள். குழாய் இணைந்திருந்தால் ஆணின் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அது தெரிவதற்கு முன்னால் ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை, கணவனுக்கும்தான்.

சரி, உடம்பு தளர்வது பற்றி. ஆண்மைக்கான ஹார்மோன் விதைகளிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விந்துக்குழாய் வழியாக அது போவதே இல்லை. அதனால் குழாயை அடைத்தால் ஹார்மோன் குறையாது. ஆசை, விறைப்பு, உழைக்கும் வலு எல்லாம் பழையபடியேதான் இருக்கும். விந்து வருவதும் நிற்காது. அதில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம், உயிரணுக்களின் பங்கு நூற்றில் சில துளிகள்தான். வெளியே போக வழியில்லாத உயிரணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

ஆபரேஷனும் பயப்படும்படி இருக்காது. 1974இல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் கத்தி வைக்காமல் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சின்னத் துளை ஒன்று போட்டு, அதன் வழியாகவே இரண்டு குழாய்களையும் வெளியே எடுத்து வெட்டி அடைப்பார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. எனக்கு இருபது நிமிடம் ஆனது. ஊசி குத்தியபோது சுருக்கென்றது, குழாயை இழுத்தபோது அடிவயிற்றில் ஒரு மாதிரி பிசைந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. சிலருக்கு வீக்கமோ ரத்தக்கட்டோ வரும், சில நாளில் சரியாகும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு விதைப்பையில் வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு, அதற்குத் தனியாகச் சிகிச்சையும் தேவைப்படும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

இப்போது உங்கள் மனைவியின் வாதத்துக்கு வருகிறேன். மற்ற சமயமாக இருந்தால் நான் யோசிக்காமல் வாசெக்டமி என்று சொல்லியிருப்பேன். பெண்ணுக்கு வயிற்றுக்குள் போய்த்தான் கருக்குழாயைத் தொட முடியும். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றாலும் அது வயிற்று ஆபரேஷன்தான், அனேகமாக முழு மயக்கமும் கொடுப்பார்கள். அரிதாகக் குடலிலோ ரத்தக்குழாயிலோ காயம் படலாம். ஆனால் சிசேரியனில் வயிறு எப்படியும் திறந்திருக்கும், வலி தெரியாமலிருக்க மருந்தும் கொடுத்திருப்பார்கள். கருக்குழாய்களை வெட்டுவதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும், அதனால் கூடும் ஆபத்தும் குறைவு. "எப்படியும் திறக்கத்தானே போகிறார்கள்" என்று அவர் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

பலனிலும் அது மோசமில்லை. அமெரிக்காவில் கருக்குழாய் ஆபரேஷன் செய்துகொண்ட 10,000க்கும் மேற்பட்ட பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எல்லா முறைகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்து வருடத்தில் 1000 பேரில் 18 பேருக்குச் சற்று மேல் கரு தங்கியது. பிரசவத்தை ஒட்டிக் குழாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களிடம் அது ஏழெட்டுப் பேர்தான். ஆனால் அப்படித் தவறித் தங்கிய கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயிலேயே தங்கியது. அது உயிருக்கே ஆபத்து. அதனால் ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று இருந்துவிடாமல், நாள் தள்ளிப்போய் வயிறும் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இப்போதெல்லாம் சில மருத்துவர்கள் குழாயை வெட்டிக் கட்டாமல் முழுக்கவே எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். சினைப்பைப் புற்றுநோயில் கொடிய வகைகளில் பல கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன என்று தெரியவந்திருப்பதே காரணம். எடுத்துவிட்டால் அந்த ஆபத்து குறையும். ஆனால் அதற்கப்புறம் குழாயை இணைக்கும் பேச்சுக்கே இடமில்லை, சோதனைக்குழாய் முறை ஒன்றுதான் வழி.

என்னைத் தயங்க வைப்பது அவருடைய வயதுதான். நான் சொன்ன அதே ஆய்வில், 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பின்னாளில் வருத்தப்பட்டார்கள். 30ஐத் தாண்டியவர்களில் அப்படி வருந்தியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். இளவயதில் செய்துகொண்டவர்களில், கடைசிக் குழந்தை வளர்ந்த பிறகு செய்தவர்களுக்கு வருத்தம் குறைவாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்களில் என்னென்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் இருவருக்கும் உண்டு. அது நீளமானது, செலவானது, பலிக்கும் என்று உறுதியும் கிடையாது. வாசெக்டமியில் வருடம் கூடக்கூட அந்த வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும். "வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்போடு யாரும் போய்ப் படுக்கக் கூடாது.

அவசரப்படாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. சிசேரியனின்போதே காப்பர் டி, அதாவது கருப்பைக்குள் வைக்கும் சின்னக் கருத்தடைச் சாதனம், வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் வரை பலன் தரும் வகை உண்டு. வருடத்துக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அது தவறுகிறது. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். சிலருக்கு மாதவிலக்கின்போது ரத்தப்போக்கும் வலியும் கூடும். பிரசவத்தோடு வைத்தது சில சமயம் நழுவி வெளியே வந்துவிடும் என்பதால், இடத்தில் இருக்கிறதா என்று சில வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு அதை வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஒன்றிரண்டு வயதானதும் வாசெக்டமிக்குப் போவேன். விந்துப் பரிசோதனை நன்றாக வந்த பிறகு அவர் காப்பர் டியை எடுத்துவிடலாம். உங்கள் வீட்டில் இருக்கிற பயத்துக்கு இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த மருந்து: இடையில் ஒருநாள்கூட அவர் பாதுகாப்பில்லாமல் இருக்க மாட்டார்.

இன்னொரு கர்ப்பம் அவருடைய உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது அவருடைய பாதுகாப்பு அவர் உடம்பிலேயே இருப்பதுதான் நல்லது. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை என்பதால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் ஒருமுறை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவர், "எனக்கே செய்துவிடட்டும்" என்றால், அது அவர் உடம்பு, அவர் முடிவு. அதை மறுபடி மறுபடி கிளறாதீர்கள். ஆனால் வலி எடுத்துப் படுத்திருக்கும்போது நீட்டுகிற தாளில் அந்தக் கையெழுத்து விழக் கூடாது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இருவரும் சேர்ந்து போங்கள். அதற்கு முன்னால் ஒருநாள், குழந்தை தூங்கிய பிறகு, "சிசேரியனே இல்லை, சுகப்பிரசவம்தான் என்று வைத்துக்கொள், அப்போது என்ன சொல்லியிருப்பாய்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.