வாசகர் கேள்வி, விண்ணியல் பதில்: இருண்ட மேகத்துக்குள் விழும் வாயு

கேள்வி: குளிர்ந்த வாயு மேகம் தன் ஈர்ப்பினாலேயே உள்நோக்கிச் சரிந்து சூரியனைப் போன்ற விண்மீனாகிறது என்று படித்தேன். மேகமோ இருட்டு, சரிவு முடியப் பல லட்சம் ஆண்டுகள் ஆகுமாம். வாயு இப்போது விழுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
(வாசகர், தேனி)

பதில்: ரேடியோ நிறமாலையில் ஒரு கோட்டின், அதாவது ஒரு மூலக்கூறு தனக்குரிய அதிர்வெண்ணில் வெளியிடும் அலையின் வரைபடத்தின், வடிவத்தை வைத்துத்தான். மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு வாய் திறப்பதில்லை. ஆகவே அதனுடன் அற்ப அளவில் கலந்திருக்கும் கார்பன் மோனோசல்ஃபைடு போன்றவை வெளியிடும் அலைகளைக் கேட்கிறார்கள். வாயு நம்மை நெருங்கினால் அலையின் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். வினாடிக்கு 100 மீட்டர் வேகம் என்றால், 9,800 கோடி ஹெர்ட்ஸில் வெறும் 33,000 ஹெர்ட்ஸ் மாற்றம்தான். அதையும் இன்றைய கருவிகள் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

எல்லாப் பக்கமிருந்தும் வாயு மையத்தை நோக்கி விழும்போது, நமக்கு அருகிலுள்ள பாதி நம்மைவிட்டு விலகுகிறது; அப்பாலுள்ள பாதி நம்மை நோக்கி வருகிறது. அருகிலுள்ள பாதியில், மையத்தையொட்டிய அடர்ந்த வாயு வீசும் அலை நம்மை அடையுமுன், அதற்கு முன்னால் நிற்கும் மெலிந்த வெளி அடுக்கு அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. அப்பாலுள்ள பாதியிலோ அந்த அடர்ந்த வாயுதான் நம் பக்கம் இருக்கிறது. அதன் அலை அவ்வளவாகக் குறையாமல் வந்து சேர்கிறது. அதனால் கோட்டில் நடுவே ஒரு பள்ளமும், அதன் இருபுறமும் உயரம் ஒவ்வாத இரு திமில்களும் தோன்றுகின்றன. நெருங்கி வரும் வாயுவுக்குரிய, ‘நீல’ப் பக்கத் திமில் உயர்ந்திருந்தால் அது சரிவின் அடையாளம்.

ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு மேகங்களும் இதே போல் இரு திமில்களைக் காட்டலாமே என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். அதைத் தீர்க்கத்தான், வழியில் விழுங்கப்படாத அளவுக்கு மெலிந்த இன்னொரு மூலக்கூற்றுக் கோட்டையும் அளக்கிறார்கள். அது ஒற்றை முகடாக அந்தப் பள்ளத்தின் நேரிலேயே நின்றால், மேகம் ஒன்றுதான்.

கார்த்திகை மீன்கள் இருக்கும் அதே ரிஷபத் தொகுதியில் எல்1544 என்றொரு கரு, அதாவது மேகத்தின் அடர்ந்த முடிச்சு, உண்டு. அதற்குள் இன்னும் விண்மீன் பிறக்கவில்லை. 1977-ல் வானியலாளர் ஃபிராங்க் ஷூ வகுத்த கணக்கின்படி சரிவு மையத்தில் தொடங்கி, ஒலியின் வேகத்தில் வெளியே பரவ வேண்டும். அந்த அலை எட்டாத வெளிப்பகுதி அசையாது. ஆனால் 1998-ல் மரியோ தஃபாயாவும் சகாக்களும், மையத்திலிருந்து சூரியன்–பூமி தூரத்தைப் போல் 10,000 மடங்குக்கும் அப்பால் உள்ள வாயுவும் வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் உள்ளே வருவதைக் கண்டார்கள். அந்தக் குளிர்வாயுவில் ஒலியின் வேகத்தில் இது ஏறத்தாழப் பாதி. ஷூவின் கணக்கின் எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் இந்தக் கருவுக்கு அது பொருந்தவில்லை.

கேள்வி: அப்படியானால் இருண்ட மேகம் எல்லாமே விண்மீனாகிவிடுமா?
(அதே வாசகர்)

பதில்: இல்லை. வானத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும் பார்னார்ட் 68 என்ற சிறு மேகத்தில், சில இடங்களில் வாயு உள்ளே போகிறது, சில இடங்களில் வெளியே வருகிறது. 2003-ல் இதை அளந்த சார்லஸ் லாடா குழுவினர், அந்த மேகம் சரியவில்லை, அதன் வெளி அடுக்குகள் விம்மித் தணிகின்றன என்றே விளக்கம் தந்தார்கள்.