அப்பாவைச் சாப்பிட நீங்களே கூப்பிடுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஹாரி பாட்டர் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது. புத்தகத்தோடு உட்கார்ந்தால் உலகமே மறந்துவிடுகிறது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மூன்று தடவை கத்தினாலும் காதில் விழுவதில்லை (நானும் அவரும் தீபாவளியிலிருந்து பேசிக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்). ஏழு புத்தகங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மந்திரம், சூனியம் என்று படித்து இந்த வயதில் மனசு கெட்டுப் போகாதா? அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, பிள்ளை கதைப் புத்தகமே கதி என்று கிடக்கிறது என்று வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் வாசிப்பு நல்ல பழக்கம், கவலைப்படாதீர்கள் என்று நாலு வரியில் முடித்திருப்பேன். உங்களுக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. காரணம், அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருக்கும் அந்த ஒரு வரி.

தீபாவளி போய் பொங்கலும் போய்விட்டது. ஒரே வீட்டில் அவர் ஹாலில், நீங்கள் அடுப்படியில், நடுவில் 13 வயசுப் பெண். "சாப்பாடு ரெடியாம்", "பசிக்கலைன்னு போய்ச் சொல்லு", "கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு." சாப்பாட்டை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், மற்றதெல்லாம் எனக்கே தெரியும், பேச்சு நின்றுபோன வீடுகள் எல்லாம் இப்படித்தான் ஓடுகின்றன. பெற்ற பெண்ணைத் தபால்காரியாக்கி வைத்துவிட்டு, தபால்காரி ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்கள். அவள் காதில் ஒரு கோளாறும் இல்லையம்மா. மூன்று தடவையும் நன்றாகவே கேட்டிருக்கும்.

சரி, அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே. மந்திரக்கோலும் பறக்கும் துடைப்பமும் மேல்பூச்சுதான். முதல் புத்தகத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். அம்மா அப்பா இல்லாத பையன், பெரியம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே அலமாரி மாதிரி ஓர் இடுக்கில் படுத்துக்கொள்கிறான். கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் முதல் சட்டம். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் ஒரு கடிதம் வருகிறது. அவன் பெயருக்கு. முகவரியில் ஊர், தெரு மட்டுமில்லை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த இடுக்கு வரைக்கும் எழுதியிருக்கிறது. பெரியப்பா பிடுங்கிக்கொள்கிறார். மறுபடி வருகிறது. தபால் போடும் ஓட்டையை ஆணி அடித்து மூடுகிறார், அப்போதும் வருகிறது. கடைசியில் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு கடலுக்கு நடுவே ஒரு பாறை மேல் இருக்கும் குடிசைக்கு ஓடுகிறார், அங்கேயும், பையனுடைய பதினோராவது பிறந்தநாள் அன்று, கடிதம் வந்து சேர்ந்துவிடுகிறது. நாள் பூராவும் அடுத்தவர் செய்தியைச் சுமந்துகொண்டு திரிகிற ஒரு பெண்ணுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும்! அவள் பெயரைச் சொல்லி, அவளுக்கென்றே, உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது பேசி எத்தனை நாளாகிறது? 'படி', 'அப்பாவிடம் சொல்லு' இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு நடுவில் நீங்கள் புத்தகங்களைப் பிடுங்கிப் பூட்டியிருக்கிறீர்கள். கதையில் அந்த வேலையைப் பார்த்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கான மாயக் கதைகளில் நின்று விற்கிறவை பலதிலும் இதுதான் சங்கதி. 1950இல் வந்த நார்னியா கதையில், யுத்த காலத்து லண்டனில் குண்டு விழுகிறது என்று நாலு பிள்ளைகளை முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். பெரியவர்கள் போட்ட சண்டை, இவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டு அலமாரி ஒன்றுக்குள் நுழைந்தால் அந்தப் பக்கம் ஒரு மாய நாடு, அங்கே இவர்கள் எடுக்கிற முடிவில்தான் அந்த நாடே நிற்கிறது. 2005இல் வந்த பெர்சி ஜாக்சன் கதை, எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய தன் மகனுக்கு ஒரு வாத்தியார் படுக்கையில் சொன்ன கதையிலிருந்து வந்தது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிற பையன் மக்கு இல்லை, அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்குப் பழகியது, அவன் ஒரு தேவனுக்குப் பிறந்தவன் என்று போகிறது கதை. வீட்டில் செல்லாத பிள்ளை அங்கே செல்லுபடியாகிறது. எந்தக் குறைக்காகத் திட்டு விழுந்ததோ அதுவே அங்கே பலம்.

சூனியம் பற்றிய பயத்தை விடுங்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் தன் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதி கதையைக் கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? ஹாரி பாட்டரின் வில்லன் செய்வதும் அதேதான், கிளிக்குப் பதில் டைரி, மோதிரம், கழுத்துப் பதக்கம். நீங்கள் கெட்டுப் போய்விடவில்லையே.

ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஏழாவது புத்தகம் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் 2007இலேயே அச்சாகிவிட்ட முடிவு, மாறாது. இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் எப்படி முடியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

முதல் புத்தகத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. பார்க்கிறவர் மனசு எதற்கு ஏங்குகிறதோ அதைக் காட்டும். அந்தப் பையனுக்குப் பணமோ பட்டமோ தெரியவில்லை. செத்துப்போன அப்பாவும் அம்மாவும் அவன் பக்கத்தில் நிற்பது தெரிகிறது, அதைப் பார்க்கவே ராத்திரி ராத்திரி போய் உட்காருகிறான். அத்தனை மந்திரம் தெரிந்தவர்கள் இருக்கிற பள்ளிக்கூடத்திலும் செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. உங்கள் மகளுக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் உயிரோடு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறீர்கள்.

புருஷன் பெண்டாட்டி சண்டை போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுங்கள், நியாயம் உங்கள் பக்கமாகவேகூட இருக்கலாம், நீங்கள் காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கை நீட்டுகிறவர் என்றால் மட்டும் கதை வேறு, அப்போது பேசிப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடுங்கள் என்பேன். அப்படி இல்லை, வெறும் வீம்புதான் என்றால் பிள்ளையை நடுவில் நிறுத்த உங்கள் இரண்டு பேருக்கும் உரிமை இல்லை. பேசாமல் இருப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அந்த மௌனத்துக்கான கூலிவேலையை அவள் செய்ய வேண்டியதில்லை. பழைய காலத்து ஆள் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெற்றவர்களின் முதல் கடமை அதுதான் என்று நான் நம்புகிறேன், பள்ளிக் கட்டணம் கட்டுவதெல்லாம் அதற்கப்புறம்.

கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி இப்போது பேச எனக்கு ஒன்றுமில்லை, முழுஆண்டுத் தேர்வுக்கு நாள் இருக்கிறது. பீரோவைத் திறந்து புத்தகங்களை அவளிடம் கொடுங்கள், முதல் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கி நீங்களும் படியுங்கள். அவளே சந்தோஷமாகக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி ஹாலுக்கு நீங்களே போய், "சாப்பிட வாங்க" என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் பதில் பேசவில்லை என்றால் நாளைக்கும் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை அவரும் படிக்க வேண்டும், திட்டில் பாதி அவருக்கும்தான். பத்திரிகையை நீங்களே எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள், மகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.