வாசகர் கேள்வி: சோபாவுல உக்காந்திருக்கிறவர்

கேள்வி: பணிப்பெண்ணுக்கும் வீட்டு மேடத்துக்கும் லீவு நாளைப் பத்தி வர்ற சண்டைய சிறுகதையா எழுதியிருக்கேன். படிச்ச ஃபிரண்டு, இது வெறும் பணக்காரி-ஏழை கதைதான், ஆண் பெண் பிரச்சனை எங்கனு கேக்குறா. என்ன பண்ணலாம்?
வாசகி, ஈசூன்

பதில்: அது உங்க கதையிலயே இருக்குங்க, ஹால்ல போன் பாத்துட்டு உக்காந்திருக்காரே வீட்டுக்காரர், அவர்தான். ஞாயித்துக்கிழமை யாரு சமைக்கிறது, யாரு பாத்திரம் கழுவுறதுனு ரெண்டு பொம்பளைங்க கிச்சன்ல மல்லுக்கட்டுறாங்க, அவரு ஒரு டம்ளரக்கூட நகர்த்தல, நீங்களும் அவர ரெண்டே வரியில விட்டுட்டீங்க. இங்க சிங்கப்பூர்ல வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு 2013லேர்ந்து வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு, 2023லேர்ந்து மாசத்துல ஒரு நாளாவது காசு குடுத்து ஈடுகட்ட முடியாது, லீவு விட்டே ஆகணும். அதனால மேடம் 'பர்மிஷன் தர்றேன்'னு பெருந்தன்மையா பேசுற வசனத்த மாத்துங்க (இல்ல, அப்படியே வச்சு அந்தப் பொண்ண லேசா சிரிக்க விடுங்க, இன்னும் நல்லாருக்கும்). அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மெடிக்கல் செக்கப்ல பணிப்பெண் கர்ப்பமானு டெஸ்ட் பண்ணுவாங்களே, வர்க்கமும் பெண் உடம்பும் ஒண்ணா மாட்டிக்கிற இடம் அதுதான், மேடம் கிளினிக் வாசல்ல ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற சீன் எழுதிப் பாருங்க, அவங்களும் ஒரு காலத்துல பிரசவ லீவு கேட்டு மேனேஜர் முன்னாடி நின்னவங்கதான. கடைசியில வர்ற மன்னிப்பு சீன் வேணாம், தூக்கிடுங்க.