ஹன்னாவும் அன்னம்மாளும் ஒரே பெயர்தான்

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஹன்னா என்று பெயர் வைக்க ஆசை. மாமியாரோ, "நம் குடும்பத்தில் அன்னம்மாள்தான் வழிவழியாக வருகிற பெயர், இது என்ன புதுசாக?" என்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. இரண்டும் ஒரே பெயர்தான்.

ஹன்னா எபிரேயப் பெயர். தயவு, அருள் என்று பொருள். யோவானின் எபிரேய வடிவமான யோகனானிலும் இதே வேர்ச்சொல் இருக்கிறது. 'கர்த்தர் தயவு காட்டினார்' என்று அதற்குப் பொருள். ஹன்னாவின் முதல் எழுத்து தொண்டையிலிருந்து வருகிற ஒலி. கிரேக்கத்தில் அதற்கு எழுத்து கிடையாது. அதனால் கிரேக்க வேதாகமத்தில் ஹன்னா 'அன்னா' ஆனாள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அவளே அன்னாள். அம்மாள் சேர்ந்தால் அன்னம்மாள். சோறு, பறவை என்று பொருள்படும் நம் அன்னத்துக்கும் இதற்கும் உறவில்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே.

சாமுவேல் முதல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அன்னாள் சீலோ ஊர் ஆலயத்தில் மனம் கசந்து அழுது ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிடுகிறார். குடிக்கவில்லை, என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள் அவள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. உதடு அசைய, குரல் உயராமல் ஜெபிக்க வேண்டும் என்ற முறையை யூத மத குருக்களான ரபிகள் இவளிடமிருந்தே எடுத்தார்கள். அவர்களுடைய விளக்கங்களின் தொகுப்பான தல்மூதில் அது பதிவாகியிருக்கிறது. ஒரு ஆசாரியனே தவறாகப் புரிந்துகொண்ட பெண், ஒரு சமூகத்துக்கே ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்! யூதப் புத்தாண்டின் முதல் நாளில் ஜெப ஆலயங்களில் இன்றும் அவள் கதையை வாசிக்கிறார்கள்.

அப்புறம், லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட முதிய தீர்க்கதரிசியின் பெயரும் அன்னாள். மரியாளின் தாயை அன்னம்மாள் என்பது வேதாகமத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றின் வழியே வந்த மரபு. கத்தோலிக்கர் ஜூலை 26 அன்று அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறார்கள்.

பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஹன்னா என்று ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள், பிற்பாடு பள்ளியில் குழப்பம் வராது. வீட்டில் மாமியார் அன்னம்மா என்றே கூப்பிடட்டும். குழந்தையின் பெயரைத்தான் கூப்பிடுகிறார்.